அப்பா பேசும்போது நீ போட்ட பாட்டு

மக்ளே,

நீ அனுப்பிய கட்டைவிரல் வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி நான் அனுப்பிய அவ்வளவு நீளச் செய்திக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதி, நாலு பேர் படிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறேன். நீ படிக்காவிட்டாலும் ஊரில் யாராவது கடைசிவரை படிப்பார்கள். படித்துவிட்டு உனக்கு ஃபோன் போட்டு, உங்க அம்மை என்னடே இப்படி எழுதியிருக்காவ என்று கேட்பார்கள். அப்போதாவது நீ தேடி எடுத்துப் படிப்பாய். மானம் போகிறது என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும். எனக்கு இனி யாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டியதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. உன் அப்பா தங்கையன் மார்த்தாண்டத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் அரசு பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அந்த ரூட்டில் அவர் குரலைத் தெரியாத ஆள் கிடையாது. இவருக்கு எதுக்கு விசில் என்று டிரைவர்மாரே கேட்பார்கள். உன் கல்யாணம் முடிந்த மறுவருடம், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் அப்படியே சாய்ந்தார். கையும் காலும் பிறகு கொஞ்சம் தேறின. பேச்சு திரும்பி வரவில்லை. சாயா வேண்டுமென்றாலும் 'ஆ', பேப்பர் எங்கே என்று கேட்டாலும் 'ஆ', என்மேல் கோபமென்றாலும் அதே 'ஆ'. அப்படியே சில வருடம் இருந்து, போன வருடம் போய்விட்டார். பேச முடிந்த காலத்தில் அவர் கையில் இருந்தது பட்டன் ஃபோன். வாய்ஸ் மெசேஜ் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அதனால் அந்த மனிதருடைய குரல் இந்த உலகத்தில் பதிவாகி இருப்பது ஒரே ஒரு இடத்தில். உன் கல்யாண வீடியோவில், சாயங்கால ரிசப்ஷனில் அவர் சொன்ன நன்றியுரையில். மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் சினிமாப்பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். நம் பக்கத்து வழக்கமே அதுதானே. தாலி கட்டும்போது பாட்டு, கேக் வெட்டும்போது பாட்டு, ஜெபத்துக்கும் நன்றியுரைக்கும் மட்டும்தான் ஆளுடைய சொந்தக் குரலை விட்டுவைப்பார்கள்.

அப்பாவின் முதல் வருட நினைவு நாள் வருகிறது என்று போன மாதம் நீ ஃபோன் பண்ணினாய். நான் உன் டிக்கெட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன். நீ கேட்டது வேறு. "அம்மா, கல்யாண ப்ளூ-ரேல அப்பா பேசுறது இருக்கும்லா. அத எம்பி-ஃபோரா கன்வெர்ட் பண்ணி அனுப்புங்க. சிம்பிள்தான்." அவ்வளவுதான். துபாயில் உன் கையில் இருந்த காப்பி வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டதாம். அதைக் காய்கறிப் பை தொலைந்த மாதிரி சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை வந்தது. அவர் குரலைக் கேட்கலாமே என்று. அந்த ஆசையில் சரி என்றுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இன்னொருத்தர் செய்யவேண்டிய வேலையைச் சிம்பிள் என்று சொல்லாதே. உன் பெண்டாட்டி ஷைனியிடமும் சொல்லாதே, உன் ஆபீஸில் உனக்குக் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளிடமும் சொல்லாதே. அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை. இந்த ப்ளூ-ரே என்கிற சனியனை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நீதான். ஸ்டுடியோக்காரர் டிவிடி போதும் சார் என்று எவ்வளவோ சொன்னார். டிவிடியை இனி எவனும் பார்க்கமாட்டான், எச்டி-யில் வேண்டும் என்று நின்றாய். கல்யாணத்துக்கு வரும்போதே துபாயிலிருந்து அதற்கென்று ஒரு பிளேயரும் தூக்கிக்கொண்டு வந்தாய். அந்த வருடமே ஐப்பசி மாதத்து இடியில் பிளேயர் கருகிப் போயிற்று. பிறகு அப்பா விழுந்தார், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் வட்டை யார் நினைத்தார்கள்? உன் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் அது பெட்டியோடு கிடந்தது.

பழைய லேப்டாப்பில் போட்டேன். சுற்றியது, முனகியது, 'வட்டைப் போடவும்' என்று வந்தது. உன்னிடம் கேட்டேன். டிரைவ் அழுக்காக இருக்கும், துடைத்துவிட்டுப் போடுங்க என்றாய். துடைத்தேன். சாதாரண டிவிடி டிரைவுக்கு ப்ளூ-ரேயைப் படிக்கவே முடியாது, ஒளியே வேறு என்று நான் பிறகு இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரையே தொழிலாக வைத்திருக்கிற உனக்கு அது தெரியாதா, இல்லை, தெரிந்தும் அம்மா பேச்சை முடித்தால் போதும் என்று ஏதோ ஒன்றைச் சொன்னாயா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து சொருகுகிற ப்ளூ-ரே டிரைவ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அது வந்தது. வட்டு கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றுவிடும். மறுபடி சுற்றும், நிற்கும். ஒயரில் எதற்கு இரண்டு தலை இருக்கிறது என்று யோசித்தபோதுதான் விளங்கியது, ஒரு துளையில் வருகிற கரண்ட் அதற்குப் போதவில்லை. இரண்டையும் லேப்டாப்பிலேயே நேராகச் சொருகினேன். ஓடியது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடை தப்பென்றால் எந்தப் படியில் தப்பு என்று தேடத் தெரியும். அதைத் தவிர எனக்கு இதில் எந்த அறிவும் கிடையாது.

அடுத்த கூத்து கன்வெர்ட் பண்ணுகிற சாஃப்ட்வேர். இலவசம் என்று போட்டிருந்த ஒன்றை இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்குமேல் மாற்றமாட்டேன் என்றது. இன்னொன்று முழுசாக மாற்றித் தந்தது, ஆனால் கம்பெனிப் பெயரை நடுத்திரையில், சரியாக அப்பாவின் மூஞ்சியில் ஒட்டி வைத்தது. மூன்றாவதில் படம் அருமையாக வந்தது, லேப்டாப்பில் சத்தமும் கேட்டது, ஃபோனுக்கு மாற்றினால் சத்தமே இல்லை. ஃபோனில் அவர் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய கடைசி வருடங்களில் பார்த்த அதே காட்சி. சும்மா சொல்லவில்லை, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்டில் சத்தத்தைப் பதிந்திருக்கும் முறை வேறு, ஃபோனுக்குப் புரிகிற முறை வேறு, மாற்றும்போது சத்தத்துக்கும் தனியாக முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அடுத்த நாள் கண்டுபிடித்தேன். அதைச் சரிசெய்தால் ஃபைல் பெரிதாகி, இடமிருந்தும் பென்டிரைவ் வாங்கமாட்டேன் என்றது. நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காதாம், வேறு விதமாக ஃபார்மட் பண்ணவேண்டுமாம். பண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ அனுப்பிய பதில்களை இப்போதும் வைத்திருக்கிறேன். 'கூகுள் பண்ணுங்கமா.' 'மீட்டிங்.' கட்டைவிரல்.

இவ்வளவும் சரியான பிறகும் நன்றியுரை மட்டும் வரவில்லை. சர்ச், ஊர்வலம், கேக், எல்லாம் ஒழுங்காக மாறும். ரிசப்ஷனின் கடைசியை நெருங்கும்போது நின்றுவிடும். டிரைவ் கரகரவென்று அதே இடத்தைப் போட்டுத் தேய்க்கும், பிறகு பிழை என்று எழுத்து வரும். வட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில், வெளி ஓரத்தை ஒட்டி, வளைவாக ஒரு எழுத்து வரிசை. தங்கையன், மார்த்தாண்டம். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற மிஷினில் வெட்டிய எழுத்து.

படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நம் வீட்டில் பெயர் வெட்டாத குட்டுவம், தூக்கு, தட்டம், கரண்டி எதாவது இருக்கிறதா? கல்யாணம், அடியந்திரம் என்று நாலு வீட்டு விருந்துக்குப் போய்வருகிற சாமான், பெயர் இல்லாவிட்டால் திரும்பாது. இந்த வட்டையும் உன் சித்தப்பா வீட்டில் பார்க்கக் கேட்டிருந்தார்கள், ஷைனி வீட்டிலும் கேட்டிருந்தார்கள். அப்பா நேரே பாத்திரக்கடைக்குக் கொண்டுபோய்ப் பெயர் வெட்டி வந்திருக்கிறார். மேல் பக்கத்தில் நீயும் ஷைனியும் சிரித்துக்கொண்டு நிற்கிற ஃபோட்டோ அச்சடித்திருந்தது. பிள்ளைகள் மூஞ்சியில் கீறல் விழக்கூடாதே என்று, ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் காட்டி வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்த வெறும் பக்கத்தில்தான் கல்யாணம் முழுவதும் இருந்தது. வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுமாம், ஆரம்பம் நடுவில், முடிவு ஓரத்தில். அவர் பேச்சு கடைசியில் இருந்ததால் ஓரத்தில் இருந்தது. தன் பெயரைத் தன் குரலுக்கு மேலேயே வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். செத்த மனிதரைத் திட்டினேன் மக்ளே. வீட்டில் யாருமில்லாத தைரியத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, நீரெல்லாம் ஒரு மனுசனா என்று கத்தித் தீர்த்தேன்.

ஸ்டுடியோவுக்குப் போனேன். கடை கைமாறியிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாம் அழித்து அழித்துப் புதுக் கல்யாணங்கள் எடுத்தாயிற்று, ஒரு வருசத்துக்குமேல் நாங்க வைக்கிறதில்ல ஆன்டி என்றார் புதிய முதலாளி. அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கேட்கவேண்டிய காலத்தில் நாம் யாரும் போய்க் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கெட்டுப்போன இடத்தைத் தாண்டித் தாண்டிப் படிக்கிற ஒரு சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்தேன். படிக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளும், முடியாத இடத்தைக் காலியாக விட்டுவிடும். அதை ஓட விட்டு, இரண்டு நாள் லேப்டாப் சூட்டுக்கு ஃபேன் போட்டுக் காவல் இருந்தேன். கரண்ட் போகக்கூடாதே என்று ஜெபம்கூடப் பண்ணினேன். கடைசியில் வந்தது. கட்டம் கட்டமாக உடைந்து, நடுவில் உறைந்து, திடீரென்று துள்ளி ஓடி, ஆனால் அவர் குரல். பேச்சிப்பாறை பஸ்ஸில் கடைசி சீட் வரை எட்டுகிற அதே குரல். நான் சத்தமாக அழுதேன். கேட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து போட்டு, மறுபடி அழுதேன்.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. கல்யாணத்தன்றும் உனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அப்பா மைக்கைப் பிடித்து நாலு வாக்கியம் பேசவில்லை, ஃபோட்டோக்காரர் வந்து வெயில் இறங்குது, முட்டத்துப் பாறையில் எடுக்கணும்னா இப்ப கிளம்பணும் என்று உங்கள் காதில் சொன்னார். நீங்கள் எழுந்து போனீர்கள். மேடையில் சிவப்பு வெல்வெட் சாய்வு நாற்காலி இரண்டும் காலியாக, பக்கத்தில் உன் அப்பா நின்று பேசுகிறார். அவர் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்ட நாள் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான். நீங்கள் போவதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போதகருக்கும் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் வேன் டிரைவருக்கும் ஒருத்தர் விடாமல் நன்றி சொன்னார். ஜனம் பாதி சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. நான்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் அவசரம், படம் எடுக்கவேண்டும், சரிதான் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். இன்றைக்கு அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கும்போது அப்படி நினைக்க முடியவில்லை.

வந்ததை அப்படியே உனக்கு அனுப்பினேன். உடைந்திருக்கிறது, பொறுமையாகக் கேள், ஹெட்ஃபோன் போட்டுக் கேள் என்று எழுதினேன். மறுநாள் காலையில் உன் ஃபேஸ்புக்கில் அது ரீல்ஸ் ஆகிவிட்டது. அரை நிமிடம். காலி நாற்காலிகள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, அப்பாவை மட்டும் நெஞ்சுவரை பெரிதாக்கியிருந்தாய். அவர் குரல் இல்லை. சோகமாக ஒரு பாட்டு. மேலே எழுத்து: 'என் திருமண நாளில் என்னை ஆசீர்வதித்த அப்பா. மிஸ் யூ அப்பா.' கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக ஆமென், ஆமென் என்று போட்டிருக்கிறார்கள். நான் உனக்கு ஃபோன் பண்ணி, அவர் குரலை எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். "ஆடியோ ரொம்ப உடைஞ்சிருந்துதும்மா, கேக்க நல்லாருக்காது. அதான் மியூட் பண்ணிட்டேன்" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய்.

நீ வெட்டியெடுத்த அந்த அரை நிமிடத்தில் உன் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "மேரேஜ் ஹாலுக்க வாசல்ல ஒரு வெள்ள காரு வழிய மறிச்சு நிக்கியது. ஆருக்கதுண்ணு பாத்து மாத்தி நிறுத்துங்க. சமையலுக்கு வந்த பிள்ளையளுக்கு வீட்டுக்குப் போவணும், கேட்டியளா." அதுதான் உன் ஆசீர்வாதம். வழியை மறித்து நின்ற காருக்குத்தான் உன் சொந்தக்காரர்கள் ஆமென் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. நான் அவ்வளவு பாடுபட்டுத் தோண்டி எடுத்ததை, கை கூப்பி நிற்கிற மாதிரி ஒரு இடம் பார்த்து வெட்டிக்கொண்டாய். மற்றவர் வாய்க்குமேல் பாட்டுப் போடுவதற்கு முன்னால் அவர் என்ன சொல்கிறார் என்று கேள் மக்ளே. உன் மகளுக்கும் நாளைக்கு இதையேதான் நீ செய்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று மறுபடி ஃபோன் பண்ணினாய். நினைவு ஆராதனைக்கு லீவு கிடைக்காது, ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி லைவ் போடச் சொல்லுங்க, லிங்கை அனுப்புங்க என்றாய். அடக்கத்துக்கும் இதைத்தான் சொன்னாய். உனக்காக அவரை ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, வருவாய் வருவாய் என்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆபீஸில் முக்கியமான வேலை என்று லைவில் பார்த்தாய். திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரம் விமானம். கல்லறையில் மண் போடும்போது கேமராக்காரர், அண்ணன் லைவுல பாக்கியாரு, கொஞ்சம் விலகுங்க என்று என்னைத் தள்ளி நிறுத்தினார். நானும் விலகினேன். இந்தத் தடவை விலகமாட்டேன். லைவ் கிடையாது. ஸ்டுடியோவில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நன்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு அப்பா மைக்கை வைக்கவில்லை. அதுவும் ஃபைலில் இருக்கிறது, நீ அதுவரை போயிருக்கமாட்டாய். "இனி எனக்க மவனப் பத்தி ஒரு காரியம் சொல்லணும். அவன் இப்பம் இங்க இல்ல, படம் புடிக்கப் பெய்ட்டான். இல்லாததும் நல்லதுதான், மூஞ்சிக்கு நேர எனக்கு இது சொல்ல வராது" என்கிறார். அதோடு படம் உறைகிறது. அவர் பெயரின் நடு எழுத்து அங்கேதான் ஆழமாக இறங்கியிருக்கிறது. எத்தனை முறை ஓடவிட்டாலும், எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அந்த இடம் வரவே இல்லை. மறுபடி ஓடும்போது அவர் உட்கார்ந்துவிட்டார், முகத்தைத் துண்டால் துடைக்கிறார், இருக்கிற கொஞ்சப் பேர் கை தட்டுகிறார்கள்.

நடுவில் போனதை நான் கேட்டேன். முன்வரிசையில் இருந்தேன் என்று சொன்னேனே. போதகரும் கேட்டார், அவர் இப்போது இல்லை. மற்றவர்கள் பிளேட் எடுக்க வரிசையில் நின்றார்கள். உன்னைப் பற்றி உன் அப்பா என்ன சொன்னார் என்பது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. வாய்ஸ் மெசேஜில் அனுப்பப் போவதில்லை, ஃபோனிலும் சொல்லமாட்டேன். நீ வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டால் சொல்வேன். பிடிவாதம் என்பாய், ஆமாம், பிடிவாதம்தான். ஆனால் எனக்கு வயதாகிறது. சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகிறது. போன வாரம் ஷைனியின் பெயர் வராமல் கொஞ்ச நேரம் முழித்தேன். அதனால் தினமும் காலையில் சாயாவுக்கு முன்னால், அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

இன்று காலையில் நடுவில் ஒரு வார்த்தை வரவில்லை.

அம்மா